முகத்தில் விழ வேண்டிய வெளிச்சம்

ஓர் ஊருக்கு வளர்ச்சி வந்துவிட்டது என்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்சியினரும் ஒப்புக்கொள்ளும் சான்று உயர்கோபுர மின்விளக்கு. பேருந்து நிறுத்தத்திலோ நாற்சந்தியிலோ ஒரு நெடிய கம்பம், உச்சியில் வட்டமாக ஆறோ எட்டோ விளக்குகள், அடியில் எந்த நிதியில் யார் திறந்துவைத்தார் என்று சொல்லும் கல்வெட்டு. சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியில் இதற்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. காரணம் வெளிப்படை. பாதாளச் சாக்கடை போட்டால் மண்ணுக்குள் மறைந்துவிடும். இந்த விளக்கோ ஊருக்குள் நுழையும் முன்பே தெரியும். ஆனால் விளக்கு தெரிவது வேறு, அதன் வெளிச்சத்தில் மனிதர்கள் தெரிவது வேறு. இரவு ஒன்பதரைக்குக் கடைசிப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பவருக்கு வேண்டியது இரண்டாவதுதான். தெருவிளக்கை நாம் தரையில் விழும் வெளிச்சத்தை வைத்தே மதிப்பிட்டுப் பழகிவிட்டோம். நடப்பவருக்கான வெளிச்சத்தை எதிரே வருபவரின் முகத்தில்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால், பெருமையோடு நட்டுவைத்த கம்பங்களில் பல தேர்வில் தேறாது.

உயரத்தில் ஏற்றிவைத்தால் ஊருக்கே வெளிச்சம் என்ற எண்ணம் நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 1894-95 வாக்கில் 165 அடி உயரமுள்ள 31 இரும்புக் கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் உச்சியில் கார்பன் வில்விளக்குகளை ஏற்றியது. நிலாக் கோபுரம் என்றே அவற்றுக்குப் பெயர். அதற்கு முன்பே டெட்ராய்ட் நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட கோபுரங்களால் தன்னை ஒளியூட்டிக்கொண்டிருந்தது. வில்விளக்கைச் சிறிய அளவில் செய்ய முடியாது. கண்ணுக்கு அருகில் வைத்தால் தாங்காது. எனவே அதை வானத்துக்குத் தூக்கியது அன்றைய தொழில்நுட்பத்துக்குச் சரியான விடைதான். ஆனால் டெட்ராய்ட்டில் மரங்களும் மாடிக் கட்டடங்களும் நீண்ட நிழல்களை விரித்தன, மூடுபனி நாள்களில் வெளிச்சம் கீழே இறங்கவே இல்லை. சிறு விளக்குகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்நகரம் கோபுரங்களைக் கைவிட்டுத் தாழ்ந்த கம்பங்களுக்கு வந்துவிட்டது. ஆஸ்டினில் எஞ்சியவை இன்று பாரம்பரியச் சின்னங்கள். உள்ளங்கை அளவு எல்.இ.டி. விளக்கு சந்தையில் கிடைக்கும் காலத்தில் நாம் அந்தப் பழைய கோபுரத்தைப் புதிதாக நட்டுக்கொண்டிருக்கிறோம்.

நடப்பவர் இருட்டில் எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது? தெருவிளக்கு பற்றிய நம் விதிகள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கவில்லை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1944, முக்கியச் சாலைகளுக்கு 30 லக்ஸ், அடுத்த நிலைக்கு 15, உட்சாலைகளுக்கு 8, 4 என்று சாலைப் பரப்பின் சராசரி வெளிச்சத்தை வகுத்துத் தருகிறது. ஓட்டுநருக்கு இது பொருத்தமான அளவு. அவர் கவனிக்க வேண்டியது சாலைப் பரப்பையும் அதன்மேல் நிற்கும் பொருளையும். நடப்பவருக்கும் தரை முக்கியம்தான், பெயர்ந்த கல்லும் மூடியில்லாத குழியும் நம் நடைபாதைகளில் கற்பனைப் பொருள்கள் அல்ல. ஆனால் கால் இடறாமல் இருக்கத் தேவைப்படும் வெளிச்சம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஃபோட்டியோஸ் குழுவினர் நடத்திய சோதனைகளில், பாதையில் இருக்கும் சிறு மேடுகளைக் கண்டுபிடிக்கும் திறன் ஏறத்தாழ 2 லக்ஸ் வரை வேகமாக உயர்ந்து, அதற்குமேல் அநேகமாக அப்படியே நின்றுவிட்டது. முழுநிலவின் வெளிச்சம் 0.3 லக்ஸைத் தாண்டாது. அதைப்போல ஏழெட்டு மடங்கு இருந்தால் கால்களுக்குப் போதும். மீதி வெளிச்சமெல்லாம் வேறொரு வேலைக்காக. நடப்பவரின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்த அதே குழு, மக்கள் மற்றவர்களைச் சுமார் 15 மீட்டர் தொலைவில், ஏறக்குறைய அரை நொடி நேரம் நோட்டமிடுகிறார்கள் என்று கண்டது. வருபவர் யார், தடுமாறுகிறாரா, கையில் என்ன, என்னைத்தான் பார்க்கிறாரா என்பதெல்லாம் அந்த அரை நொடியில் முடிவாகிவிடுகிறது. எதிர்ச்சாரிக்குப் போவதா, நேரே நடப்பதா என்ற தீர்மானமும் அதைப் பொறுத்ததே.

இதை முதலில் எண்ணில் பிடித்தவர்கள் நெதர்லாந்தின் வான் பாமலும் காமினாடாவும். மனிதர்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் இடைவெளிகளைப் பற்றி எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1966-ல் எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டு, ஓர் அந்நியரைக் கண்டு விலகிக்கொள்ளக் குறைந்தது 4 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தத் தொலைவில் முகம் அடையாளம் தெரிய எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்த்து, 1980-ல் 0.8 லக்ஸ் என்ற விடைக்கு வந்தார்கள். இந்த 0.8 தரையில் அளக்கும் லக்ஸ் அல்ல. முகத்தை நிமிர்ந்து நிற்கும் அரை உருளையாகப் பாவித்து, அதன் வளைந்த பரப்பின்மேல் விழும் வெளிச்சம். ஐரோப்பாவின் இ.என். 13201 தரத்தில் இந்த அரை உருளை அளவுக்குத் தனி வகுப்பே இருக்கிறது. சோதனை நடந்த நாட்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளுத்த தோல் தன்மேல் விழும் ஒளியில் பாதியைக்கூடத் திருப்பி அனுப்பும்; மாநிறத் தோல் ஏறக்குறைய கால் பங்கைத்தான் அனுப்பும், கருத்த தோல் இன்னும் குறைவாக. ஆகவே அந்த 0.8-ஐ அப்படியே இங்கே கொண்டுவந்தால் நம் முகங்களுக்குப் போதாது; இரண்டு மடங்கிலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும்.

இப்போது கோபுரத்தடிக்கு வருவோம். 16 மீட்டர் உயரத்தில் விளக்கு இருக்கிறது, சந்திப்பின் நடுவில் அது ஒன்றுதான். நேர் கீழே நிற்பவரின் தலையில் ஒளி கொட்டும். புருவமும் மூக்கும் நிழலை இறக்கிக் கண்ணிருக்கும் இடம் இரண்டு குழிகளாகிவிடும். விலகிப் போனால் முகத்தில் ஒளி விழும் என்பது உண்மைதான், அவர் கோபுரத்தைப் பார்த்து நடந்தால். ஆனால் நீங்கள் கோபுரத்தை நோக்கி நடக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு எதிரே வருபவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார். அவருடைய முகத்தில் நேரடி ஒளி ஒரு துளியும் இல்லை. அவர் உங்களைப் பளிச்சென்று பார்க்கிறார், உங்களுக்கோ அவர் ஒரு கரிய வடிவம் மட்டுமே. ஒற்றை விளக்கின் அடிப்படைக் கோளாறு இதுதான். எத்தனை வாட் கூட்டினாலும் இது தீராது, ஏனென்றால் கோளாறு ஒளியின் அளவில் இல்லை, திசையில் இருக்கிறது. நான்கு மீட்டர் உயரத்தில் சிறு விளக்குகள் வரிசையாக இருந்தால், எந்தத் திசையில் நடப்பவருக்கும் முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு வந்துகொண்டே இருக்கும். விளக்குக்கும் முகத்துக்கும் உயர வித்தியாசம் இரண்டரை மீட்டர் என்றால், ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவரின் முகத்தில், அதே உயரத்தில் கிடைமட்டமாகப் பிடித்த தாளில் விழுவதைப் போல இரண்டு மடங்கு ஒளி விழும். பதினாறு மீட்டர் கம்பத்தில் அதே இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

அதைவிடப் பெரிய தொல்லை கண் கூசுவது. பிரகாசமான விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு ஒன்றைப் பார்க்கும்போது, விளக்கின் ஒளி கண்ணின் லென்ஸிலும் அதைச் சுற்றியுள்ள ஊடகங்களிலும் சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெள்ளைத் திரையாகப் படிகிறது. இந்தத் திரையின் அடர்த்தியைக் கணக்கிட ஸ்டைல்ஸ், ஹாலடே இருவரின் பெயரால் வழங்கும் எளிய சூத்திரம் உண்டு: கண்ணில் விழும் லக்ஸைப் பத்தால் பெருக்கி, விளக்குக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடையிலான கோணத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கோபுரத்திலிருந்து 55 மீட்டர் தள்ளி நடந்து வருகிறீர்கள். விளக்கு பார்வைக்கு மேலே சுமார் 15 பாகையில் இருக்கிறது. சாய்த்துக் கட்டிய ஃபிளட்லைட் உங்கள் கண்ணில் 5 லக்ஸ் போடுவதாக வைத்துக்கொண்டால், திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 0.22 கேண்டெலா. எதிரே வருபவரின் மாநிற முகத்தில் சுவர்களில் பட்டுத் திரும்பிய 1 லக்ஸ் இருந்தால், முகத்தின் ஒளிர்வு 0.08. அதாவது முகத்தைவிட அதை மறைக்கும் திரை கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிரகாசம். முகத்தின் மேடு பள்ளங்கள் இயல்பில் காட்டும் வேறுபாடு கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு எழுபது வயது என்றால் சிதறல் இரட்டிப்பாகும், வேறுபாடு ஏழில் ஒரு பங்கு ஆகிவிடும். இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு மூன்றில் ஒரு பங்கு ஒளியே போய்ச் சேர்கிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘பெரியவர்களுக்குக் கண் தெரியாது, இன்னும் பெரிய விளக்காகப் போடுங்கள்’ என்ற பரிவு அவர்களைத்தான் முதலில் குருடாக்குகிறது.

கோபுரம் இல்லாத தெருக்களில் கதை சற்று வேறு. 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. மின்சாரச் சேமிப்பு என்ற அளவில் அது பெரிய வெற்றி, மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பம் அதே இடத்தில் நிற்க, தலை மட்டும் மாறியது. பழைய சோடியம் விளக்கு ஒழுங்கில்லாத விளக்கு. மஞ்சள் ஒளியை நாலாபக்கமும் இறைக்கும். சாலைக்குப் போனது போகக் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் நடைபாதைக்கும் வீட்டுச் சுவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும். எல்.இ.டி.யோ லென்ஸ் வைத்து ஒளியைச் சாலைக்கு மட்டும் திருப்பிவிடக்கூடியது. பொறியாளர் கணக்கில் இது திறமை. நடைபாதைக்கு அது இழப்பு. இதோடு மரங்கள். ஒன்பது மீட்டர் கம்பத்தின் தலை தூங்குமூஞ்சி, புங்கை மரங்களின் கிளைகளுக்கு நடுவிலோ மேலேயோ போய் நிற்கிறது. ஒளி இலைகளின் முதுகில் விழ, சாலையின் நடுப்பகுதி பளபளக்க, மரத்தடியில் இருக்கும் நடைபாதையில் இருட்டு. பளிச்சென்ற சாலைக்குப் பழகிய கண்ணுக்கு அந்த இருட்டு இன்னும் கறுப்பாகத் தெரியும். விழித்திரையின் குச்சி செல்கள் முழுமையாக இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வரை பிடிக்கும். மரத்தடியைக் கடக்கப் பத்து நொடி. கிளையை வெட்டிவிடுவது மின்வாரியமும் மாநகராட்சியும் விரும்பும் தீர்வு. பகலில் நிழல் தரும் மரத்தை இரவுக்காக மொட்டையடிப்பதைவிட, விளக்கைக் கிளைக்குக் கீழே இறக்குவது எளிது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு வரும்: நுணுக்கமெல்லாம் இருக்கட்டும், வெளிச்சம் அதிகமானால் குற்றம் குறைகிறதே? குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நியூயார்க்கில் 2016-ல் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தற்காலிகக் கோபுர விளக்குகளை நிறுத்திய சோதனையில், வெளிப்புறத்தில் இரவில் நடந்த கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. இந்த எண்ணை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இதன் பக்கத்தில் வேறு சிலவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். சிகாகோ நகரம் 1998-ல் தன் சந்துகளின் 90 வாட் விளக்குகளை 250 வாட்டாக மாற்றியது. 2000-ல் வெளியான மதிப்பீட்டில், சோதனைப் பகுதியில் பதிவான குற்றங்கள் 21 சதவீதம் கூடியிருந்தன. வெளிச்சத்தில் அதிகம் கண்ணில் பட்டதால் புகார்கள் கூடியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகள் செலவைக் குறைக்க விளக்குகளை மங்கவைத்தும் பாதி இரவில் அணைத்தும் பார்த்ததை 2015-ல் ஆராய்ந்தவர்களுக்கு, விபத்தோ குற்றமோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. வெல்ஷும் ஃபாரிங்டனும் 2008-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரியாகக் குற்றம் குறைந்திருந்தது, ஆனால் பகல் குற்றமும் சேர்ந்தே குறைந்திருந்தது. பகலில் எரியாத விளக்கு பகல் திருட்டை எப்படித் தடுக்கும்? தெருவை ஒருவர் கவனிக்கிறார், இது கைவிடப்பட்ட இடமல்ல என்ற செய்திதான் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இவற்றை எல்லாம் சேர்த்தால் கிடைப்பது, கும்மிருட்டான இடத்துக்கு வெளிச்சம் வந்தால் பலன் உண்டு என்பது. ஏற்கெனவே வெளிச்சமான இடத்தில் இன்னும் கொட்டினால் பலன் அதே விகிதத்தில் பெருகும் என்பது கிடைக்கவில்லை.

பாதுகாப்பு உணர்வும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அமெரிக்காவில் பீட்டர் பாய்ஸ் குழுவினர் வாகன நிறுத்துமிடங்களில் மக்களை நிறுத்திக் கேட்டு 2000-ல் வெளியிட்ட முடிவில், 10 லக்ஸ் வரை சிறு கூடுதலும் பெரிய தைரியத்தைத் தந்தது. 50-க்கு மேல் கூட்டியும் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. மெல்பர்னில் பெண்கள் அஞ்சும் இடங்கள், அஞ்சாத இடங்கள் என்று அவர்களே குறித்த பல இடங்களுக்கு இரவில் அளவுமானியோடு போன மொனாஷ் பல்கலைக்கழக, அரூப் நிறுவன ஆய்வாளர்கள், வெளிச்சம் அதிகம் என்பதால் ஓர் இடம் அச்சமற்றதாகிவிடவில்லை என்று கண்டார்கள். பல மூலங்களிலிருந்து வரும் ஒளியும், அதைத் திருப்பி அனுப்பும் சுவர்களும் இருந்த இடங்களே பெண்களுக்கு நிம்மதி தந்தன. டெல்லியில் 2012-ல் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு சேஃப்டிபின் செயலி இருட்டு முனைகளைத் தெருத்தெருவாகக் குறித்துக் கொடுத்தது அரிய பணி. ஆனால் அதன் பட்டியலிலும் விளக்கு என்பது ஒரே ஒரு வரி. நடைபாதை, திறந்த பார்வை, ஆள் நடமாட்டம், சுற்றியுள்ள சன்னல்கள் எல்லாம் தனித்தனி வரிகள்.

இரண்டாவது மறுப்பு காசு பற்றியது. தாழ்ந்த கம்பம் என்றால் எண்ணிக்கை கூடும். கைக்கெட்டும் விளக்கு உடைபடும், திருடுபோகும். அதோடு தாழ்ந்த விளக்குதான் கண்ணுக்கு நேரே வந்து அதிகம் கூசும். கடைசிக் குறை உண்மை, அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. பூங்காக்களில் வைக்கும் பால்வெள்ளைக் கோள விளக்குகள் இந்தக் குறைக்கு நல்ல உதாரணம்; பாதி ஒளியை வானத்துக்கும் மீதியில் பெரும்பங்கைக் கண்ணுக்கும் அனுப்புகின்றன. ஒளிப்பரப்பைப் பெரிதாக்கி, வாட்டைக் குறைத்து, எல்.இ.டி. சில்லுகள் வெறுமனே தெரியாதபடி மறைத்தால் கூச்சம் அடங்கும். எண்ணிக்கைக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. சாலைக் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் முதுகுப் பக்கத்தில் நான்கு அல்லது ஐந்து மீட்டர் உயரத்தில் நடைபாதையைப் பார்த்து ஒரு கை, அதில் 20 வாட் விளக்கு. புதுக் குழி வேண்டாம், புதுக் கேபிள் வேண்டாம். சுவரும் ஒரு விளக்குதான்: சுண்ணாம்பு அடித்த மதில் தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பித் தரும், இப்போது நாகரிகமாகிவிட்ட கருப்பு கிரானைட் முகப்பு கிட்டத்தட்ட எதையுமே தராது. கடைகள் ஷட்டரை இழுத்த பிறகு தெரு சட்டென்று இருண்டுவிடுவதற்குக் காரணம், இத்தனை நேரம் முகங்களுக்கு நேர் எதிரே இருந்து ஒளி தந்தவை அந்தக் கடைகள்தான் என்பதே. தெருவிளக்கு அப்போது மாறாமல் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நிறம் பற்றி இவ்வளவு விவாதம் தேவையில்லை என்பது என் எண்ணம். சோடியத்தின் மஞ்சளில் சிவப்புச் சட்டையும் பழுப்புச் சட்டையும் ஒன்றாகத் தெரிந்தன. வெள்ளை ஒளி அதைச் சரிசெய்தது, நல்லது. அதற்காக நீலம் கலந்த 6000 கெல்வின் வெள்ளை வேண்டியதில்லை. 3000 கெல்வினோ அதற்குக் குறைவோ போதும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ல் சொன்னது மனிதர்களின் தூக்கத்தை முன்னிட்டு. சென்னைக் கடற்கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் பிரகாசமான அடிவானத்தை நோக்கி ஊர்கின்றன. அவை பிறக்கும் மாதங்களில் கடலைவிடப் பிரகாசமாக இருப்பது கரையிலுள்ள கோபுர விளக்கு என்றால் சாலையை நோக்கி வந்துவிடும். ஒளியை வேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்பும் தாழ்ந்த, மறைப்புள்ள விளக்கு நடப்பவருக்கும் நல்லது, குஞ்சுக்கும் நல்லது.

ஆக, மாற்ற வேண்டியது முதலில் ஒப்பந்தப்புள்ளியின் வாசகம். இன்று அதில் இருப்பவை கம்பத்தின் உயரம், விளக்கின் வாட், எண்ணிக்கை. கவனமானவர்கள் எழுதினால் தரையில் சராசரி லக்ஸ். அங்கே மூன்று வரிகளைச் சேர்க்கச் செலவு எதுவும் இல்லை. நடைபாதையின் மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில், அளவுமானியை நிமிர்த்திப் பிடித்து, நடக்கும் இரு திசைகளிலும் அளந்த குறைந்தபட்ச வெளிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஒன்று. அடுத்தடுத்த இடங்களில் மிகக் குறைந்ததற்கும் சராசரிக்கும் இடையிலான விகிதம், மரத்தடியையும் சேர்த்து, எவ்வளவு என்பது இன்னொன்று. கண்ணுக்கு நேராகப் போகும் ஒளிக்கு ஓர் உச்சவரம்பு மூன்றாவது. இவற்றை விளக்கு பொருத்திய மறுநாள் அளந்தால் போதாது. தூசியும் பூச்சியும் படிந்த மூன்றாம் ஆண்டில், கடைகள் மூடிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு அளந்து பார்த்துவிட்டுத்தான் பராமரிப்புத் தொகையின் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.